தீப்பெட்டியில் செத்த விதைகள்

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறும்போது சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி. உள்ளே, போன ஆடியில் காயவைத்து எடுத்த களா விதைகள். களா என்பது வேலிக்கு நடும் முள்செடி. பங்குனியில் பாதியை விதைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. மீதியை நண்பனின் பெரியப்பாவிடம் காட்டிக் கேட்கலாம் என்றுதான் அரிட்டாபட்டிக்குக் கிளம்பினேன்.

2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். கழிஞ்சமலை, சமணர் படுக்கை, பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் என்று பார்க்க நிறைய இருக்கிறது. நான் வேலி பார்க்கப் போனவன்.

பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுத்துவிட்டார்கள். பெரியப்பாவின் மேற்கு வரப்பில் மட்டும் ஆள் உயரத்துக்குக் களா. அடர்ந்த இலை, அதற்குள் இரண்டிரண்டாக விரல் நீள முள். ஆடு என்ன, கோழிகூட யோசித்துத்தான் நுழையும். ஒரே கொத்தில் பச்சைக்காய், சிவந்தது, கன்னங்கரேல் என்று கனிந்தது மூன்றும் தொங்கின. களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்று ஒரு சேர மன்னனே இருந்தான். களாக்காயைக் கண்ணியாகக் கட்டித் தலையில் சூடியவனாம். கட்டிக் கொடுத்தவர் கையை நினைத்துப் பார்த்தேன்.

தீப்பெட்டியைத் திறந்ததும் பெரியப்பா சிரித்துவிட்டார்.

"இத எதுக்குப்பா பத்திரப்படுத்துன? களா வெத காஞ்சா செத்துரும். பழத்தப் பிதுக்கி, சதையக் கழுவி, அன்னைக்கே ஊனணும்."

வேலிக்கு இரண்டு முழத்துக்கு ஒரு கன்று போதுமாம். முதல் கோடையில் மட்டும் தண்ணீர், அப்புறம் மழை பார்த்துக்கொள்ளும். மூன்றாம் வருஷம் காய்க்கத் தொடங்கும். தலையை வெட்டிக்கொண்டே இருந்தால்தான் அடியில் கிளைத்து அடரும். வெட்டுகிறவன் வசவு தனிக்கணக்கு.

பறிக்கும்போது காம்பில் வெள்ளைப் பால் வடிந்து விரலெல்லாம் பிசுபிசுத்தது. பெரியம்மா தேங்காயெண்ணெய் தந்தார்கள். பழத்தை வாயில் போட்டேன். முதலில் இனிப்பு, பின்னாலேயே பல் கூசும் புளிப்பு. கிடைக்கப்போகும் பலாக்காயைவிடக் கிடைத்த களாக்காய் மேல் என்பார்கள். எனக்குப் பலாவே வேண்டாம்.

பச்சைக்காய் ஒரு கிலோ, பழம் ஒரு டிபன் பாக்ஸ். திரும்பும்போது டிக்கெட் விரலோடு ஒட்டிக்கொண்டது, எண்ணெய்க்கும் அடங்காத பால்.

வீட்டில் அம்மா காயைக் கீறி, விதை நீக்கி, பால் போக உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள். மறுநாள் நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம். எலுமிச்சையே தேவையில்லை, காயின் புளிப்பே போதும். தயிர்ச்சாதத்துக்கு அதைவிட ஒன்று இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

பழத்து விதைகளை அன்று இரவே மொட்டைமாடியில் எட்டுப் பைகளில் ஊன்றினேன். மூன்று வாரம் கழித்து ஐந்தில் முளை. ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

"சரிடா, மாடியில எந்த ஆடு மேய வருதுன்னு வேலி போடுற?" என்றாள்.