தாத்தா விட்டுப்போன .38 ரிவால்வர்: ஆண்டைக் கண்டுபிடித்த குறிப்புகள்

உருப்படி: மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கத் தோட்டம் ஒன்றில் கிராணியாக (எழுத்தராக) இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டி. உள்ளே தோல் உறையில் ஒரு ரிவால்வர், நாலாக மடித்த லைசென்ஸ் தாள், துணிப்பையில் ஏழு தோட்டா.

நிலை 1: தொடாமல் இருப்பது

லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. உரியவர் இறந்துவிட்டால் பேரனுக்கு அது தானாக வந்து சேராது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டாவும் அடங்கும். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. பழைய பொருள், துருப்பிடித்தது, தாத்தாவுடையது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போவதும் தப்பு. பெட்டியை மூடிவிட்டு போன் செய்து, அவர்களை வரச்சொல்ல வேண்டும்.

ஆகவே இந்த ஆராய்ச்சி முழுக்கப் படங்களை வைத்துத்தான். முத்திரையிட்டு எடுத்துப் போகும் முன் படம் எடுக்க அனுமதி கேட்டோம். அதிகாரி சிலிண்டரைத் திறந்து காலி என்று உறுதி செய்து, அவரே திருப்பித் திருப்பிக் காட்டினார். இந்த வாய்ப்பு ஒரு தடவைதான், அதனால் பட்டியலைக் கையில் எழுதி வைத்திருக்க வேண்டும்: இடப்பக்கம், வலப்பக்கம் (இரண்டிலும் பக்கத்தில் அளவுகோல்), குழலின் மேல்முகம், குழலின் இரு பக்கவாட்டு, சிலிண்டருக்கு மேலே ஓடும் பட்டை, கைப்பிடியின் அடி, சிலிண்டரின் பின்முகம், குழலுக்கு அடியில் உள்ள தட்டையான இடம், சிலிண்டரைத் திறந்தால் தெரியும் தாங்குகையின் (சிலிண்டரைத் தாங்கி வெளியே கொண்டுவரும் கை) உட்புறம்.

பிளாஷ் போட்டால் எழுத்து வெளுத்துப் போகும். டார்ச்சை ஏறக்குறைய படுக்கவைத்து, பக்கவாட்டிலிருந்து அடித்தால் குழிந்த எழுத்தின் ஓரம் நிழல் கட்டி எழும்பும். வெளிச்சத்தை இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை அடித்து இரண்டு படம் எடுக்க வேண்டும். 3ம் 8ம் குழம்புவது ஒரே பக்க வெளிச்சத்தில்தான். எழுத்து தெரியவில்லை என்று பிராசோவும் (பித்தளை பாலிஷ்) உப்புத்தாளும் கொண்டு தேய்க்க நினைப்பவர்கள் உண்டு. துருவோடு முத்திரையும் போய்விடும்.

நிலை 2: யார் செய்தது

முன்பக்கம் கீல் வைத்து நடுவில் மடங்கித் திறந்தால் பிரிட்டிஷ் வெப்ளி அல்லது என்ஃபீல்டைத்தான் முதலில் நினைக்க வேண்டும், மலாயாவில் அந்த வகை நிறைய இருந்தது. இது மடங்கவில்லை, சிலிண்டர் இடப்பக்கம் வெளியே வந்தது. அப்படியானால் அமெரிக்கக் கம்பெனிகளான கோல்ட்டா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனா? தாழ்ப்பாளைப் பின்னுக்கு இழுத்தால் கோல்ட், முன்னுக்குத் தள்ளினால் ஸ்மித். படத்திலேயே தெரியும் வேறுபாடும் ஒன்று உண்டு: கோல்ட்டில் தோட்டா தள்ளும் கம்பியின் நுனி சும்மா நிற்கும், ஸ்மித்தில் குழலுக்கு அடியில் ஒரு புடைப்பு அதைப் பிடித்திருக்கும். இங்கே புடைப்பு இருந்தது. ஆனால் ஸ்பெயினின் எய்பாரில் இதே உருவத்தில் நகல்கள் ஏராளமாகச் செய்தார்கள். அதனால் குழலில் உள்ள பெயரைப் படிக்காமல் முடிவு கட்டக்கூடாது. படித்தோம்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ஸ்பிரிங்ஃபீல்ட். குழல் 5 அங்குலம், குண்டு .38, கைப்பிடி கோடு செதுக்காத வழவழப்பான வால்நட் மரம், அடியில் கயிறு கட்டும் வளையம், பளபளப்பில்லாத சாம்பல் பூச்சு. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் தரப்புக்கு அனுப்பிய ‘விக்டரி’ மாடல்.

நிலை 3: ஆண்டு

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான், நாங்களும் இரண்டு தடவை சறுக்கினோம்.

முதல் சறுக்கல், குழலின் மேல் இருந்த தேதிகள். கடைசித் தேதி 1914 டிசம்பர் 29. அது காப்புரிமை பெற்ற நாள். அதற்கு முன்னால் செய்திருக்க முடியாது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. அதே வரியைப் பல ஆண்டுகள் அப்படியே பொறித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது சறுக்கல், எண். லைசென்ஸில் தட்டச்சு செய்திருந்தது 3இல் தொடங்கும் ஆறு இலக்க எண். இந்த மாடலின் பழைய வரிசையில் வைத்துப் பார்த்தால் 1920ஐ ஒட்டிய காலம் வரும். ஆனால் சாம்பல் பூச்சும் வழவழப்பான கைப்பிடியும் அந்தக் காலத்துக்குப் பொருந்தவில்லை. கைப்பிடி அடிப் படத்தைப் பெரிதாக்கினோம். வளையத்துக்கு ஒரு பக்கம் எண், மறு பக்கம் தனியாக ஒரு ‘வி’ எழுத்து. வளையம் நடுவில் நிற்பதால் இரண்டும் ஒன்று என்று கண்ணுக்குத் தோன்றாது. லைசென்ஸ் எழுதியவரும் அதைத்தான் விட்டிருக்கிறார். பழைய வரிசை பத்து லட்சத்தைத் தொட்டதும் 1942இல் ‘வி’ போட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். ஒரு எழுத்து விட்டுப்போனதில் இருபது ஆண்டுக்கும் மேல் பிசகு. ‘வி’யோடு படித்தால் 1943.

தாங்குகையின் உட்புறத்திலும் ஓர் எண் இருக்கும். அது தொழிற்சாலையில் பாகங்களைச் சேர்க்கப் போட்ட எண், அதை வைத்து ஆண்டு தேடினால் வீண் அலைச்சல். சிலிண்டரின் பின்முகத்திலும் குழலின் அடியிலும் உள்ள எண்கள்தான் கைப்பிடி அடியோடு ஒத்துப்போக வேண்டும். இங்கே மூன்றும் ஒத்தன. அதாவது குழலும் சிலிண்டரும் பிறந்தபோது இருந்தவையே.

சரிபார்த்த மற்றவை: மேல்பட்டையில் ‘யு.எஸ். பிராப்பர்ட்டி ஜி.எச்.டி.’ என்ற முத்திரை, அமெரிக்க அரசு வாங்கியதற்கு அடையாளம். மாடல் எண் எதுவும் இல்லை, அந்த வழக்கமே 1957இல்தான் வந்தது. ‘எஸ்’ சேர்ந்த ‘வி’ இல்லை. கீழே விழுந்தாலும் வெடிக்காத புதிய சுத்தியல் தடை போரின் கடைசிக் கட்டத்தில் வந்தபோது அந்த ‘எஸ்’ சேர்ந்தது.

இல்லாத முத்திரையும் பேசும். போருக்குப் பின் இங்கிலாந்தில் வியாபாரத்துக்கு வந்த விக்டரிகளில் பர்மிங்காம் சோதனைச் சாலை முத்திரையும், ‘.767’, ‘3½ டன்’ என்ற பொறிப்பும் குழலிலோ சிலிண்டரிலோ இருக்கும். இதில் எதுவும் இல்லை. இங்கிலாந்துக் கடை வழியாகச் சுற்றி வராமல், படை அல்லது போலீஸ் இருப்பிலிருந்தே மலாயாவுக்கு வந்திருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

நிலை 4: தாள்

பினாங்கில் காகிதத்தின் தலைப்பே ஒரு நாட்காட்டி. 1946 வரை நீரிணைக் குடியேற்றங்கள், பிறகு மலாயன் யூனியன், 1948 பிப்ரவரி முதல் மலாயாக் கூட்டரசு. 1958 ஜூலைக்குப் பிறகு போலீஸ் பெயரோடு அரச பட்டம் சேர்ந்தது. இந்தத் தாளில் கூட்டரசு இருக்கிறது, பட்டம் இல்லை. ஆனால் அலுவலகங்கள் பழைய படிவங்கள் தீரும் வரை அவற்றையேதான் பயன்படுத்தும். ஆகவே அச்சிட்ட தலைப்பைவிட ரப்பர் முத்திரையின் தேதியை நம்ப வேண்டும். அது 1952. கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த அவசரகாலத்தில் தோட்டத்துக் கிராணிக்கு ஆயுதம் கிடைத்ததில் வியப்பில்லை.

தோட்டாவின் பின்தட்டில் இரண்டு இலக்கத்தில் ஆண்டு இருந்தது. அது தோட்டாவின் வயது, துப்பாக்கியுடையது அல்ல.

பாக்கி: தொழிற்சாலையிலிருந்து வெளியே போன நாளுக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளைக்கு எழுதியிருக்கிறோம், ‘வி’யைச் சேர்த்தே. வீட்டில் மிஞ்சியது தோல் உறை மட்டும், அதுவும் அதிகாரியிடம் கேட்டுத்தான் வைத்துக்கொண்டோம். பூஞ்சையை உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தடவாமல், சிலிக்கா பொட்டலத்தோடு பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். உறையின் மூடிக்கு உட்புறத்தில் மங்கலாக ஒரு முத்திரை தெரிகிறது. அடுத்து அதற்கு டார்ச் அடிக்க வேண்டும்.