இடிந்த ஸ்மோக்ஹவுஸ் மாடல்: சுவர் முடிந்தது, கதவு பாக்கி

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஷெனண்டோவா பள்ளத்தாக்கின் பழைய பண்ணை ஒன்றில் இடிந்து நிற்கும் ஸ்மோக்ஹவுஸை 1:24 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். இறைச்சியை உப்பிட்டுப் புகை போட்டு வைத்த செங்கல் கொட்டகை அது. நிஜத்தில் பக்கத்துக்கு 12 அடி, மாடலில் 6 அங்குலம். கூரை எப்போதோ போய்விட்டது.

சுவருக்கு ஃபோம் பலகை. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திச் செங்கல் வரிகளைக் கீறி, கசக்கி உருட்டிய அலுமினியத் தாளால் ஒற்றினால் சூளைச் செங்கலின் சொரசொரப்பு அப்படியே வருகிறது. ஸ்மோக்ஹவுஸுக்கு ஜன்னல் கிடையாது, பெரும்பாலும் புகைபோக்கியும் இருக்காது. எனக்கு வேலை மிச்சம். தரை நடுவே ஒரு குழி, அதில் ஹிக்கரிக் கட்டை கனன்றுகொண்டிருக்கும். புகை மேலே தொங்கும் பன்றித் தொடைகளைச் சுற்றிவிட்டு இறவாண இடுக்கு வழியே கசிந்து போகும்.

நேரத்தை விழுங்கியது பெயிண்ட்தான். சுவரின் மேல்பாதி கரிப்பிசின் ஏறி மினுமினுப்பாக இருக்கிறது. கீழே முழங்கால் உயரம் வரை செங்கல் உப்புப் பூத்து, பொரிந்து, தொட்டாலே உதிர்கிறது. குளிர்காலத்தில் பன்றி அறுத்து, இறைச்சியை வாரக்கணக்கில் உப்பில் போட்டு வைத்து, அப்புறம்தான் தொங்கவிடுவார்கள். அந்த உப்பு தரையில் இறங்கி, மண் ஈரத்தோடு சுவரில் ஏறி, செங்கலின் நுண்துளைகளுக்குள் படிகமாகி உள்ளிருந்தே உடைக்கிறது. நெருப்பு அணைந்து தலைமுறைகள் ஆனாலும் இந்த அரிப்பு நிற்பதில்லை. ஒரு மூலையில் யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், அங்கே நிலைமை இன்னும் மோசம். சுண்ணாம்புச் சாந்து என்றால் ஈரமும் உப்பும் சாந்து வழியே வெளியேறும். சிமெண்ட் வழிவிடாததால் அடி முழுக்கச் செங்கலுக்கு.

1861-65 உள்நாட்டுப் போரின்போது தென் மாநிலங்களில் உப்புக்குப் பெரிய தட்டுப்பாடு. 1864 டிசம்பரில் இதே வர்ஜீனியாவின் சால்ட்வில் ஊரின் உப்புக் காய்ச்சும் ஆலைகளை வடக்குப் படை அழித்தது. அந்தக் காலத்தில் ஸ்மோக்ஹவுஸ் தரை மண்ணைத் தோண்டி, தண்ணீர் ஊற்றி வடித்து, காய்ச்சி உப்பு எடுத்திருக்கிறார்கள். அவ்வளவு உப்பு அந்த மண்ணில்!

உப்புப் பூப்பைக் காட்ட நிஜ உப்பு உதவாது. ஒரு பொடியுப்புக் கல்லை 24 மடங்கு பெருக்கினால் பட்டாணி அளவு. வெள்ளைச் சாக்பீஸைத் தூளாக்கி, ஈரத் தூரிகையால் கீழ்வரிகளில் மட்டும் தட்டிவிட்டேன். காய்ந்ததும் பார்க்க நன்றாகவே இருக்கிறது.

இனி கதவு. பலகைக்குப் பால்சா மரம், கீலுக்குச் சோடா டின் தகடு. பூட்டு மட்டும் மனதை உறுத்துகிறது. வர்ஜீனியாவின் பல பண்ணைகளில் உப்புத் தேய்த்ததும் நெருப்பைப் பார்த்துக்கொண்டதும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். சாவி எஜமானர் வீட்டில். சும்மா ஒரு கறுப்புப் புள்ளி வைத்து ஒப்பேற்ற மனம் வரவில்லை. தகட்டில் தனியாக வெட்டி, துருநிறப் பொடி வாங்கி வந்த பிறகு மாட்டலாம் என்றிருக்கிறேன்.