திருகோணமலையில் நாலாந்திகதி

2025 பெப்ரவரி 2, ஞாயிறு
நாளை மறுநாள் இலங்கையின் சுதந்திர தினம். சந்தைப் பக்கம் போனேன். ஓட்டோக்களில் சின்னச் சிங்கக் கொடிகள் முளைத்துவிட்டன. நடைபாதையில் கொடி விற்றவரிடம் ஒரு அம்மா, "கோடு ரெண்டும் இருக்கோ தம்பி?" என்று விரித்துப் பார்த்துத்தான் காசு கொடுத்தார். செம்மஞ்சள் தமிழருக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. 1948இல் ஏற்றிய கொடியில் இவை இல்லை, 1951இல்தான் சேர்த்தார்கள். கோடில்லாத கொடி இப்போதும் எங்காவது தலைகாட்டும். பார்த்து வாங்குவதுதான் சரி.

பெப்ரவரி 3, திங்கள்
நாளைக் காலை கொடியேற்றத்துக்கு எல்லோரும் வரவேண்டும், கையெழுத்தும் உண்டாம். லீவு நாளில் கையெழுத்து வைத்துக் கொண்டாடும் பாக்கியம் அரசாங்க உத்தியோகத்தருக்கு மட்டும்.

பெப்ரவரி 4, செவ்வாய்
கொடிக் கயிறு பாதியில் சிக்கியது. காவலாளி அண்ணன் கம்பத்தை ஒரு உலுக்கு உலுக்கியதும் மேலே போனது. கீதம் தமிழில் பாடினோம். பக்கத்தில் நின்ற சிங்கள மிஸ் மெல்லச் சிங்களத்தில் பாடினார். மெட்டு ஒன்றுதானே, இடிக்கவில்லை. கொழும்புப் பெருவிழாவில் 1949க்குப் பிறகு 2016இல்தான் தமிழில் பாடினார்கள். 2020இல் விட்டுவிட்டார்கள். அப்புறம் பாற்சோறு, கட்டச் சம்பல். ஓரம் காய்ந்திருந்தாலும் சம்பல் உறைப்பில் இறங்கிவிட்டது.

வீட்டில் அப்பா டிவியில் அணிவகுப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பத்தெட்டில சுதந்திரம் கொழும்புக்கு, பிள்ளை. எங்கட துறைமுகத்தில வெள்ளைக்காரன்ர நேவி அம்பத்தேழு மட்டும் இருந்தது."

உண்மைதான். கடற்படைத் தளத்தைக் கையளித்தது 1957 ஒக்டோபரில். அதே வருடம் பெப்ரவரி 4, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சி ஹர்த்தால் அறிவித்திருந்த நாள். சந்தையடி மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக் கொடி கட்டிய நடராசனைச் சுட்டுக் கொன்றார்கள். அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. அப்பப்பா பகலிலேயே கதவைத் தாழ் போட்டது மட்டும் ஞாபகமாம். கேட்டால் அதையேதான் சொல்வார், ஒரு சொல்லும் கூடுதலாக வராது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுக்கு இன்றும் இது கரிநாள். பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீதியில் நிற்கும் அம்மாமாரிடம் போய் யார் பாற்சோறு நீட்டுவது?

அணிவகுப்பு முடியும்வரை அப்பா சேனல் மாற்றவில்லை. படையினரின் நடை அவருக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம்.

பெப்ரவரி 5, புதன்
கோட்டை வாசலில் மான் ஒன்று காகிதக் கொடியை மென்றுகொண்டிருந்தது. பிளாஸ்டிக் தின்பதற்கு இது மேல்.

நிகழ்வுப் படங்களை இன்றே அனுப்பட்டுமாம், மேலிடத்து வாட்ஸ்அப். என்னிடம் இருப்பதில் பாதிப் பேருக்குத் தலை இல்லை. காவலாளி அண்ணனின் போனில் பார்க்கவேண்டும்.