அப்பா பெயரிலிருந்த பட்டாவை மாற்ற எட்டு மாதம்

புதுப் பட்டா கைக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. மனம் இன்னும் ஆறவில்லை. முதல் நாளே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அலைந்த அலைச்சலில் பாதி மிச்சமாகியிருக்கும். எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. இனி அலையப்போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கடந்த தையில், அறுப்பு முடிந்து நெல் களத்தில் கிடந்தபோது அப்பா காலமானார். சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்த் தண்ணீரை நம்பிய ஊர் எங்களுடையது. நிலம் 2 ஏக்கர் 14 சென்ட். பட்டாக் கணக்கில் 0.86.50 ஹெக்டேர். அதை வைத்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார், என்னைப் படிக்க வைத்தார், பெற்ற தாயைக் கடைசிவரை தன்னோடு வைத்துக் காப்பாற்றினார். கூட்டுறவுச் சங்கத்தைத் தவிர வேறெங்கும் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை. அடுத்த போகத்துக்கு அதே சங்கத்தில் போய் நின்றபோது, “சிட்டா உங்கள் பெயருக்கு மாறட்டும், பிறகு வாருங்கள்” என்றார்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் கணக்குதான் சிட்டா; பட்டா மாறினால்தான் அதுவும் மாறும். அவர்கள் கேட்டதில் தவறில்லை.

இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டோம். சான்றிதழ் சிக்கலின்றிக் கிடைத்தது. வாரிசுச் சான்றிதழில்தான் தடுக்கி விழுந்தோம்.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். அம்மா, அக்கா, நான், தங்கை என நான்கு பேர். மூன்று வாரம் கழித்து, நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. காரணம்: ஆவணங்கள் முழுமையாக இல்லை. எந்த ஆவணம் என்று ஒரு சொல் கிடையாது. இரண்டு பஸ் மாறி வட்டாட்சியர் அலுவலகம் போனேன். அங்கிருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“ஆன்லைனில் போட்டதை ஆன்லைனிலேயே பாருங்கள்.”

“பார்த்துவிட்டேன் ஐயா. அதில் காரணம் இல்லை.”

“அப்படியானால் மறுபடி போடுங்கள்.”

அவர் பேச்சை நம்பி, அதே தாள்களோடு மறுபடி போட்டேன். மறுபடியும் நிராகரிப்பு. மூன்றாம் முறை போன நாள் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளை வருடாவருடம் தணிக்கை செய்யும் நாள். கணக்குகளெல்லாம் கட்டுக்கட்டாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. என்னிடம் பேச ஒருவருக்கும் நேரமில்லை. வைகாசி, ஆனியில் ஜமாபந்தித் தேதியை விசாரித்துக்கொள்ளாமல் தாலுகா அலுவலகம் போகாதீர்கள். மாலைவரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கணக்குப் புத்தகம் சுமந்து வந்திருந்த எங்கள் ஊர்த் தலையாரி பார்த்துவிட்டு அருகில் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

“தம்பி, உன் அப்பத்தா இருக்கிறார்களே, அவர்களைச் சேர்த்தாயா?”

சேர்க்கவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணுக்கு மனைவி, மகன், மகளோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. எனக்கு அது தெரியவில்லை. சட்டம் தெரியாதது ஒரு பக்கம் இருக்கட்டும். வயலிலிருந்து வந்ததும் தினமும் அப்பத்தாவின் காலில் எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் அப்பா தட்டில் கை வைப்பார். அப்படிப்பட்டவருடைய வாரிசுகள் யார் என்று எழுத உட்கார்ந்தவன், அடுத்த அறையில் படுத்திருந்த அவரை எப்படி விட்டேன் என்று அன்று பஸ்ஸில் வரும்போது நெஞ்சு அடைத்தது. அந்த எழுத்தருக்கு இது தெரியாமலா இருக்கும்? விசாரணை அறிக்கையில் ‘தாய் உயிருடன் உள்ளார்’ என்று இருந்ததாம். அந்த மூன்று சொற்களைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மூன்றாவது விண்ணப்பத்தில் ஐந்து பேர். அக்காவின் ஆதாரில் கணவர் பெயர்தான் இருந்தது. அப்பாவின் மகள் என்பதற்கு அவளுடைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் கைகொடுத்தது. கட்டிக்கொடுத்த பெண்கள் உள்ள வீட்டில் இதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

விசாரணைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் இளவயதுப் பெண். அப்பத்தாவால் நடக்க முடியாது என்றதும் வீட்டுக்கே வந்தார். வாக்குமூலத்தில் கைநாட்டு வாங்க வேண்டும். முதல் இரண்டு முறையும் தாளில் கருப்புத் திட்டுதான் விழுந்தது. அறுபது வருடம் நாற்றுப் பறித்தும் களையெடுத்தும் தேய்ந்த விரல், ரேகையே இல்லை. அந்தப் பெண் வெந்நீர் கேட்டு வாங்கி, துணியில் நனைத்து, கட்டைவிரலை மெதுவாகத் துடைத்துவிட்டு மூன்றாம் முறை உருட்டினார். ஓரத்தில் நான்கைந்து கோடுகள் விழுந்தன. “எனக்கு என் மகன் வைக்க வேண்டியதை, அவனுக்கு என்னை வைக்கச் சொல்கிறீர்களே” என்றார் அப்பத்தா. அதன்பிறகு யாரும் பேசவில்லை. ஆனி முடிவதற்குள் சான்றிதழ் வந்துவிட்டது.

அடுத்தது பட்டா. ஆளுக்கொரு பாகமாகப் பிரித்தால் உட்பிரிவு, நில அளவர், வரைபடம் என்று இழுக்கும் என்பதால், இப்போதைக்கு ஐவர் பெயரிலும் கூட்டுப் பட்டா போதும் என்று முடிவு செய்தோம். அங்கும் ஒரு முட்டுக்கட்டை. ஆதாரிலும் இறப்புச் சான்றிதழிலும் அப்பாவின் பெயர் ‘ஐயா’ என்று முடியும். பட்டாவிலோ ‘அன்’ என்று முடிந்திருந்தது. “இருவரும் ஒருவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டார்கள். வெளியே நின்ற ஓர் இடைத்தரகர் 5,000 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள்.

அன்று இரவு அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். மேலே காய்ந்த வேப்பிலை. அடியில் மஞ்சள் பையில் எங்கள் மூவரின் மதிப்பெண் பட்டியல்கள், அம்மாவின் மருத்துவச் சீட்டுகள், வருடவாரியாக நூல் கட்டிய கிஸ்தி (நிலவரி) ரசீதுகள். ஒவ்வொரு ரசீதின் பின்னாலும் பென்சிலில் அந்த வருடத்து வரவும் செலவும். பசலி 1408, அதாவது 1998-99 வருவாய் ஆண்டு ரசீதில் இப்படி இருந்தது: “31 மூட்டை. பெரியவளுக்குக் கொலுசு. அம்மாவுக்குக் கண்ணாடி. மாட்டுக்குத் தும்பு.” தனக்கென்று வாங்கியதாக ஒரு வரியைத் தேடினேன். எந்த ரசீதிலும் இல்லை.

பெட்டியின் அடியில் 1996ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தது. அதை எழுதிய பத்திர எழுத்தர் விவரமானவர். அப்பாவின் இரண்டு பெயர்களையும் நடுவில் ‘என்கிற’ போட்டுச் சேர்த்தே எழுதியிருந்தார். பதிவான பத்திரம், அதே சர்வே எண். வில்லங்கச் சான்று எடுத்து அதோடு சேர்த்து நீட்டினேன். மறுநாளிலிருந்து ஒரு கேள்வியும் இல்லை. உங்கள் அப்பா இருக்கும்போதே பட்டா, பத்திரம், ஆதார் மூன்றிலும் அவர் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். பழைய தாள் எதையும் பழையது என்று எறியாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விவசாயிகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் பி.எம். கிசான் திட்டத்தில் வருடத்துக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக அப்பாவின் கணக்கில் வந்துகொண்டிருந்தது. அவர் போனபிறகும் ஒரு தவணை 2,000 விழுந்துவிட்டது. எடுத்துச் செலவழிக்காமல் எழுதிக் கொடுத்துவிடுவதுதான் சரி. பின்னால் திருப்பிக் கேட்பார்கள். அந்தத் திட்டத்தில் என் பெயரைச் சேர்க்கப் போனபோது, “1.2.2019க்குப் பிறகு நிலம் பெயர் மாறியிருந்தால் கிடையாது” என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அந்தத் தேதி பொருந்தாது. விதியிலேயே இருக்கிறது. அதைக் கைப்பேசியில் திறந்து காட்டியபிறகு விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். எட்டு மாதத்தில் நான் தலைநிமிர்ந்து வெளியே வந்த ஒரே நாள் அது.

புரட்டாசி பிறக்கிறது. புழுதி உழவு முடிந்தது. சங்கத்தில் கடன் மனுவும் கொடுத்தாயிற்று. ஆனால் புதுப் பட்டாவில் அப்பத்தாவின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. “நிலம் வந்துவிட்டதே, இதை விட்டுவிடு அண்ணா” என்கிறாள் தங்கை. வருகிற திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க மனு எழுதிவிட்டேன். அப்பத்தாவின் ஆதார் நகலை இந்த முறை முதல் தாளாக வைத்திருக்கிறேன்.