விசாரணை ஆணையச் செலவுக் கணக்கை ஆர்டிஐ-யில் கேட்டு வாங்கிய அனுபவம்

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மழை வந்தால் மருந்துப் பெட்டிகளைத் தூக்கி பெஞ்சு மேல் வைப்பார்கள். கூரையைப் பற்றிக் கேட்டால் "நிதி வரணும் சார்". அந்தச் சமயத்தில்தான் ஒரு விசாரணை ஆணையத்துக்கு மறுபடியும் கால நீட்டிப்பு என்று பேப்பரில் பார்த்தேன். சரி, இதற்கு மட்டும் எவ்வளவு நிதி வருகிறது என்று கேட்டுவிடலாமே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். எந்த ஆணையம், எந்தத் துறை என்பது இங்கே வேண்டாம்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இதுவரை மொத்தச் செலவு எவ்வளவு" என்று ஒரே கேள்வி. வந்த பதிலும் ஒரே வரி: தொகுக்கப்பட்ட வடிவில் தகவல் இல்லை. எரிச்சலாக இருந்தாலும் அது பொய்யில்லை. ஊழியர் சம்பளம் ஒரு கணக்கில், கட்டட வாடகை இன்னொரு துறையில், வக்கீல் கட்டணம் வேறொரு கோப்பில். கூட்டிப் பார்க்கும் வேலை யாருடையதும் இல்லை, எனக்குப் பெரிதாகப்பட்டது அதுதான்.

அடுத்த மனுவில் கேள்வியே கேட்கவில்லை, நகல்கள்தான் கேட்டேன். ஆணையம் அமைத்த அரசாணை, ஒவ்வொரு நீட்டிப்பு ஆணை, ஆண்டுவாரியாக நிதி ஒதுக்கிய ஆணைகள், வக்கீல் கட்டணத்துக்கு ஒப்புதல் தந்த ஆணைகள். கடைசியில், உங்களிடம் இல்லாததைப் பிரிவு 6(3)-ன்படி ஐந்து நாளில் உரிய அலுவலகத்துக்கு அனுப்புங்கள் என்று ஒரு வரி. சட்டத்தில் இருப்பதுதான், ஆனாலும் எழுதினால் நகர்கிறது. பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டியதும் நகல்கள் ஒரு கட்டாக வந்தன. நீட்டிப்பு ஆணைகளில் எந்தத் தேதி வரை என்று இருக்கிறது, அதுவரை என்ன செலவானது என்று ஒன்றில்கூட இல்லை.

வக்கீல் கட்டணத்தை மட்டும் 'மூன்றாம் நபர் தகவல்' என்று மறுத்தார்கள். 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டேன், அரசுப் பணத்தில் கொடுத்த கட்டணம் எப்படி அந்தரங்கமாகும் என்று கேட்டு. பெயர்களை மறைத்துத் தொகையைத் தந்தார்கள். எனக்கு அது போதும்.

இதைச் சொன்னால் "அப்போ விசாரணையே வேண்டாமா" என்று சண்டைக்கு வருகிறார்கள். தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை விசாரிக்காமல் விட முடியுமா என்ன? வேண்டியது கடிவாளம். பாபர் மசூதி இடிப்பை விசாரிக்க மூன்று மாதம் என்று 1992-ல் அமைத்த லிபரான் ஆணையம் 48 நீட்டிப்பு வாங்கி 2009-ல் அறிக்கை தந்தது, செலவு சுமார் 8 கோடி. ஜெயலலிதா மரணத்தை விசாரிக்க 2017-ல் அதே மூன்று மாதக் கெடுவோடு தொடங்கிய ஆறுமுகசாமி ஆணையம் 2022 ஆகஸ்டில் முடித்தது, இடையில் உச்ச நீதிமன்றத் தடையிலேயே இரண்டரை வருடம் போனது. அடுத்த நீட்டிப்பு கேட்கும் கோப்பிலேயே இதுவரையான செலவை எழுதி, அதை வெளியிட்டால் என்ன குறைந்துவிடும்?

வாடகைக் கணக்கு இன்னும் வரவில்லை. தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு போட்டிருக்கிறேன். அதற்கு 90 நாள்தான் கெடு, அதனால் மனு போய்ச் சேர்ந்த தேதிக்கு ஆதாரமான தபால் ஒப்புகைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.