மின்னணு இசையில் முதலிடம் யாருக்கு?

சிங்கப்பூர் தேக்காவில் எந்தக் கோப்பிக்கடையில் இந்தப் பேச்சு எழுந்தாலும் பிரெஞ்சு இரட்டையர் டாஃப்ட் பங்க் பெயர்தான் முதலில் வரும். என் வாக்கு ஜெர்மானியக் குழுவான கிராஃப்ட்வெர்க்குக்கு. 1977இல் வந்த அவர்களின் 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' மெட்டு 1982இல் அமெரிக்கரான ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' பாடல் வழியாக ஹிப்-ஹாப்புக்குள் போனது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்த டெக்னோ என்ற நடன இசைக்கும் அவர்களே வேர்.

வலுவான எதிர்வாதம் இத்தாலிய இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடர். டோனா சம்மர் பாடிய அவரது 'ஐ ஃபீல் லவ்' பாடலில் மூக் மாடுலர் என்ற சிந்தசைசர் வாசிக்கும் பாஸை (தாழ்ந்த சுருதி இசையை) ஒரு காதிலும், சற்றே தாமதித்த அதன் எதிரொலியை மறு காதிலும் வைத்தார்கள். இரண்டும் பின்னிக்கொள்வதால் வேகம் இரட்டித்ததுபோல் கேட்கும். எம்ஆர்டி ரயிலில் ஒற்றை இயர்போனோடு கேட்டால் அந்தப் பின்னலே போய்விடும். கைப்பேசி ஸ்பீக்கரில் பாஸும் எடுபடாது. மூக் சீக்கிரமே சுருதி விலகும் என்பதால் துண்டு துண்டாகப் பதிந்தார்கள். அழுத்தமான கிக் (பெரிய டிரம்மின் அடி) மூக்கில் வராததால் கிக்கை மட்டும் டிரம்மர் வாசித்தார்.

நம்மவர்கள் பாலிவுட் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங்கை மறப்பது எனக்கு வருத்தம். 1982இலேயே ரோலண்ட் நிறுவனத்தின் பாஸ் கருவி டிபி-303, டிரம் கருவி டிஆர்-808 இரண்டையும் வைத்துப் பத்து ராகங்கள் வாசித்தவர். அதில் பூபாலியும் உண்டு, நம் மோகனம்! 303இன் ஸ்லைடு சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வதால் ராகம் அதில் இயல்பாக உட்காருகிறது. அதே 303 ஒலியால் 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசையைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் சிகாகோவின் 'ஆசிட் டிராக்ஸ்' வந்ததோ 1987இல். ஆனால் அவர் இசைத்தட்டு அன்று பரவவில்லை. 2010 மறுவெளியீட்டுக்குப் பிறகே உலகம் கேட்டது. அதனால்தான் கிராஃப்ட்வெர்க்குக்குப் பின்னால் வைக்கிறேன்.