அட்டையின் பின்பக்கம்: கார்த்திகை, மார்கழி, தை நாட்குறிப்பு

டிசம்பர் 12, 2025

கோட்டையூர் ஆச்சி இன்று காரைக்குடியிலுள்ள எங்கள் மருந்துக்கடைக்கு மாத்திரை அட்டைகளை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தார். ஒன்று, சென்னையிலிருக்கும் மகன் தனியார் மருத்துவரிடம் காட்டி வாங்கி அனுப்பியது. கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500, வோக்ளிபோஸ் 0.2 ஆகிய மூன்றும் ஒரே மாத்திரையில் அடங்கியது. மற்றவை, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தவை; அவற்றில் மெட்ஃபார்மின் தனியாகவும் கிளிமிபிரைடு தனியாகவும் இருந்தன. எல்லாமே சர்க்கரை மாத்திரைதான் என்பதால் அதைக் காலையிலும் இதை இரவிலும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். பெயரும் நிறமும் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றே என்பதையும், சேர்த்துப் போட்டால் கிளிமிபிரைடு இரட்டிப்பாகி இரவில் சர்க்கரை இறங்கிவிடும் என்பதையும் சொல்லி, எதையும் தாமாக நிறுத்தவோ சேர்க்கவோ வேண்டாம், எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு நாளையே மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

இந்த மூன்று மருந்துகளும் உடலில் மூன்று வெவ்வேறு இடங்களில் வேலை செய்பவை. மெட்ஃபார்மின், கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்து இரத்தத்தில் விடுவதைக் குறைக்கிறது. தனியாக உட்கொள்ளும்போது அது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. வோக்ளிபோஸ், சிறுகுடலில் மாவுச்சத்து சிதைவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால்தான் சாப்பிட உட்காரும்போதே அதைப் போடச் சொல்கிறார்கள், அதனால்தான் சிலருக்கு வயிறு உப்பி வாயு பிரிகிறது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. வயிற்றில் உணவு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. கூட்டு மாத்திரை வசதியானது, மறதியைக் குறைப்பது, பல சமயம் விலையும் குறைவு. ஆனால் மூன்றில் ஒன்றை மட்டும் கூட்டவோ குறைக்கவோ அதில் வழியில்லை. கூட்டு என்பதாலேயே எல்லாம் நல்லதும் அல்ல. 2018-இல் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது அவற்றுள் சர்க்கரை நோய்க்கானவையும் இருந்தன.

டிசம்பர் 16

மருத்துவர், சென்னை மகன் அனுப்பிய கூட்டு மாத்திரையிலேயே கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் உள்ள வகைக்கு மாற்றி, காலை ஒரு வேளைக்கு எழுதியிருக்கிறார். இரவுக்கு மெட்ஃபார்மின் மட்டும். எழுபதைத் தாண்டியவருக்குச் சர்க்கரையை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்துவதைவிட, அது இறங்கிவிடாமல் காப்பதே முதல் கவலை என்று அவர் சொன்னதாக ஆச்சியின் மகள் தெரிவித்தார். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

சிறுநீரகப் பரிசோதனையில், சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 58 என்று வந்திருக்கிறது. 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது. 45-க்குக் கீழே இறங்கினாலே அளவைக் குறைப்பது பற்றி மருத்துவர் யோசிக்க வேண்டும். பல ஆண்டுகளாக எடுப்பவருக்கு மெட்ஃபார்மின் பி12 வைட்டமினைக் குறைத்துவிடலாம் என்பதால் அதன் அளவையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். கால் மரத்துப்போவதற்குச் சர்க்கரை மட்டுமே காரணம் என்று நினைத்துப் பி12 குறைவைக் கவனிக்காமல் விட்டுவிடும் வழக்கம் நம் பக்கத்தில் அதிகம்.

டிசம்பர் 25

இன்று நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. மாலையில் இழை எடுத்துக்கொள்ளும் வரை, அதாவது நூலிழைத் திரியை மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு உண்ணும் வரை, ஆச்சி எதுவும் உண்ண மாட்டார். எவர் சொன்னாலும் கேட்க மாட்டார் என்பது குடும்பத்துக்கே தெரியும். ஆகவே விரதத்தை விடச் சொல்லி வாதாடாமல், முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்திருந்தோம். காலையில் கூட்டு மாத்திரை கிடையாது, இரவு உணவோடு மெட்ஃபார்மின் மட்டும், இடையிடையே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும், 70-க்குக் கீழே போனால் விரதத்தை அப்போதே முடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இதில் நான் வற்புறுத்திச் சொன்ன ஒன்றை இங்கே விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் மருந்துச் சீட்டில் எவரும் இதை எழுதித் தருவதில்லை. கை நடுங்கி வியர்க்கும்போது ஒரு வாய் சீனியோ கல்கண்டோ கொடுப்பது எல்லோரும் செய்வது. மற்றவர்களுக்கு அது போதும். ஆனால் வோக்ளிபோஸ் சேர்ந்த மாத்திரை உண்பவருக்குச் சீனி உடனே உதவாது. சீனி சிறுகுடலில் பிரிந்த பிறகே இரத்தத்தில் சேர முடியும். அந்தப் பிரிவைத்தான் இந்த மருந்து தாமதப்படுத்துகிறது. கும்மாயம், கந்தரப்பம் போன்ற நம் இனிப்புப் பலகாரங்களும் அப்படியே. குளுக்கோஸ் பவுடர் மட்டும் பிரிய வேண்டிய தேவையின்றி நேராக இரத்தத்தில் சேரும். ஏறக்குறைய 15 கிராம் அளவுக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லையென்றால் மீண்டும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

மாலையில் பார்த்தபோது 104. ஆச்சி இழை எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 6, 2026

தேவகோட்டையிலிருந்து வந்த ஒருவர், மாத்திரை கரையாமல் மலத்தில் அப்படியே வெளியேறுகிறது என்று பதறினார். மெதுவாக மருந்தை வெளிவிடும் வகை மெட்ஃபார்மினில் சில சமயம் மேற்கூடு மட்டும் இப்படி வரும். மருந்து ஏற்கெனவே உடலில் சேர்ந்துவிட்டது. அட்டையில் எஸ்.ஆர். என்று போட்டிருந்தால் அதை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது என்பதை மட்டும் சேர்த்துச் சொன்னேன்.

ஜனவரி 19

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கப்போகும் பள்ளத்தூர் அண்ணன் வந்திருந்தார். அவர் எடுப்பது டாபாகிளிஃப்ளோசின், சிடாகிளிப்டின், மெட்ஃபார்மின் மூன்றும் சேர்ந்தது. இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-இலும் சிடாகிளிப்டினின் காப்புரிமை 2022-இலும் முடிந்த பிறகு விலை சரிந்ததால்தான் இத்தகைய மாத்திரைகள் நடுத்தர வீடுகளுக்கு எட்டின. ஆச்சியைப் போலவே தமக்கும் குளுக்கோஸ் பாக்கெட் வேண்டும் என்று கேட்டார். பையில் இருப்பதில் தவறில்லை. ஆனால் இவருடைய மாத்திரையில் கணையத்தை விரட்டும் மருந்து இல்லாததால் சர்க்கரை இறங்கும் அபாயம் சிறியது, தண்ணீர் வற்றும் அபாயமே பெரியது. டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றுகிறது. நீரும் உடன் போகிறது. வெயிலில் நடந்து, போதிய நீர் குடிக்காமல், வழியில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் இரத்த அழுத்தமும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். உணவும் உள்ளே போகாதபோது, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் ஆபத்தான அளவுக்குக் கூடலாம். அப்போது குளுக்கோமீட்டர் 180, 200 என்று சாதாரணமாகவே காட்டி ஏமாற்றும் என்பதுதான் இதன் வஞ்சகம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு வழியிலுள்ள மருத்துவமனைக்குப் போய், உண்ணும் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். புறப்படும் முன் தம் மருத்துவரிடம் பேச ஒப்புக்கொண்டார். வெறுங்காலில் நடப்பது பற்றிச் சொன்னதை மட்டும் அவர் காதில் வாங்கவில்லை.

ஜனவரி 27

ஆச்சிக்குச் சிறுநீர்த் தொற்று. வேறொரு மருத்துவர் லெவோஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதியிருந்தார். கிளிமிபிரைடு எடுப்பவருக்கு, அதிலும் முதியவருக்கு, அது சர்க்கரையைச் சட்டென இறக்கக்கூடும். சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு அந்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஆச்சி உண்ணும் மாத்திரைகளின் பெயர்களைக் கேட்டதும் நைட்ரோஃபியூரன்டாயினுக்கு மாற்றிக் கொடுத்தார். இனி எந்த மருத்துவரிடம் போனாலும் காட்டுவதற்காக, கூட்டு மாத்திரையிலுள்ள மூன்று பெயர்களையும் அளவுகளையும் ஓர் அட்டையில் எழுதி ஆச்சியின் மகளிடம் கொடுத்திருக்கிறேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி பரிசோதனை அடுத்து மார்ச்சில், மருத்துவர் வைத்திருக்கும் இலக்கு 7.5.